வெளிநாட்டு இணைய ஏலங்களில் பழைய வடிவமைப்புப் பொருட்கள்: கொழும்புக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: வெள்ளவத்தை வாசகன்

வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் வசிக்கும் தொடர்மாடி வீட்டில் ஒரு சிறிய அறையை வாசிப்பதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். 1950 முதல் 1975 வரையான காலத்துப் பொருட்களால் அதை நிரப்ப வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஒரு வால்வு வானொலி, ஒரு மேசை விளக்கு, ஒரு தட்டச்சு இயந்திரம், சுவரில் மாட்டுவதற்கு இரண்டொரு சுவரொட்டிகள், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் அம்மப்பா வீட்டில் ஒரு பெரிய வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் அதன் பச்சைக் கண் மெல்ல ஒளிரத் தொடங்கும் வரை பிள்ளைகள் யாரும் பேசக்கூடாது என்பது அவ்வீட்டின் சட்டம். அது பின்னர் பழைய இரும்புக்காரரிடம் நிறுவையில் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட மனவருத்தம்தான் இந்த ஆசையின் வேர் என்று நினைக்கிறேன்.

கடந்த நான்கு மாதங்களாக வெளிநாட்டு ஏலத் தளங்களில் முயன்று வருகிறேன். முதல் இரண்டு முறையும் ஐந்து நாட்களாக நானே முன்னிலையில் இருந்து, கடைசிச் சில வினாடிகளில் யாரோ ஒருவரிடம் இழந்தேன். மூன்றாவது முறை வென்றேன்; வென்றிருக்காமல் விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "1930களின் அசல் சிலோன் தேயிலைச் சுவரொட்டி" என்று விற்பனையாளர் எழுதியிருந்ததை நம்பி எடுத்தேன். வந்து சேர்ந்தது பளபளப்பான புதிய தாளில், ஏ3 அளவில் அச்சிட்ட ஒரு படம். பொருளின் விலையைவிட அனுப்புகூலி அதிகம்.

என்னிடம் இந்த முழு அறைக்கும் இருப்பது ஒன்றரை இலட்சம் ரூபா. மலிவாகக் கிடைத்தது என்று பலரும் படம் போடுகிறார்கள். அவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்தெடுக்கிறார்கள், எவ்வாறு விலை கேட்கிறார்கள், கொழும்பு முகவரிக்கு எடுப்பதில் எது கட்டுப்படியாகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பம்பலப்பிட்டி சேகரிப்பாளர்

தம்பி, முதல் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் நீங்கள் ஐந்து நாட்கள் முன்னிலையில் இருந்ததுதான். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் இடுவது விலையல்ல, உங்கள் உச்ச எல்லை. அதற்குள் உங்களுக்காகத் தளமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். நீங்கள் 60 டொலர் என்று இட்டு, உங்களுக்கு அடுத்தவரின் எல்லை 41 டொலராக இருந்தால், நீங்கள் 42 டொலருக்குத்தான் வாங்குவீர்கள். ஆகவே தொடக்கத்திலேயே கேட்டு முன்னிலையில் நிற்பதால் ஒரு சதமும் மிச்சமில்லை. மாறாக, "இதில் ஏதோ இருக்கிறது" என்று மற்றவர்களுக்கு நீங்களே மணியடித்துச் சொல்கிறீர்கள். அவர்களும் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்து உங்கள் எல்லையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் உச்ச எல்லையை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, முடிவதற்கு ஏழெட்டு வினாடிகள் இருக்கும்போது ஒரேயொரு முறை இடுவேன். கிடைத்தால் கிடைத்தது. ஆனால் கட்டாவிக்கி போன்ற தளங்களில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும். அங்கே இந்த உத்தி பலிக்காது, எல்லையைத் தாண்டாத மன உறுதி மட்டுமே துணை.

நேரத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்து விற்பனையாளர்கள் பெரும்பாலும் ஞாயிறு மாலையில் முடியும்படி ஏலத்தை வைப்பார்கள். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12.30, மாரியில் 1.30. அந்த நேரத்தில் உலகமே விழித்திருந்து கேட்கும். அனுபவமில்லாத ஒருவர் வார நாளில் காலை பத்து மணிக்கு முடியும்படி வைத்துவிட்ட ஏலம் நமக்கு மதியத்துக்குப் பின் வரும். அங்குள்ளவர்கள் வேலையில் இருப்பார்கள். என்னிடமுள்ள நல்ல பொருட்களில் பாதி, சாப்பாட்டு மேசையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தவை.

விலை தெரியாமல் கேட்காதீர்கள். விற்பனைக்கு இருப்பவற்றின் விலை வெறும் ஆசை. விற்று முடிந்தவற்றின் விலைதான் சந்தை. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று மாதத்து உண்மை விலைகள் தெரியும். பிறகு கொழும்பில் இறங்கும் விலையைக் கணக்கிடுங்கள். பொருள் 40 பவுண், அனுப்புகூலி 35 பவுண் என்றால், நமது சுங்கம் பெறுமதியாக எடுப்பது 40 பவுணை அல்ல, காப்புறுதியும் அனுப்புகூலியும் சேர்ந்த முழுத் தொகையை. அதன்மேல் அந்தப் பொருளுக்குரிய தீர்வைகள், அவற்றையும் சேர்த்த தொகைக்கு 18 சதவீத வற் வரி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்குச் சுங்க அட்டவணையில் தனித் தலைப்பு உண்டு. ஆனால் நீங்கள் தேடும் 1950களின் விளக்கு சுங்கத்துக்கு வெறும் விளக்குத்தான். வங்கி அட்டைக்கான கட்டணத்தையும் மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தின் சிறு நகர ஏலக் கூடங்கள் இணையம் வழியாகவும் விற்கின்றன. உண்மையான மலிவுகள் அங்கேதான் அதிகம், உண்மையான ஏமாற்றங்களும் அங்கேதான். சுத்தியல் விழுந்த விலை 100 பவுண் என்றால், வாங்குபவர் கட்டணமாக 25 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மீது அவர்களுடைய வற் வரி 20 சதவீதம் என்று 130 பவுண் ஆகிவிடும். ஏல மேடைத் தளத்தின் கட்டணம் வேறு. பெரும்பாலான கூடங்கள் பொதி செய்து அனுப்புவதுமில்லை. லண்டனிலோ பேர்மிங்ஹாமிலோ பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் ஒரு மாமாவோ மச்சானோ இல்லாதவர் அப்பக்கம் போகாதிருப்பது நல்லது.

பதில் 2: மருதானை வால்வு

நான் முப்பது வருடங்களுக்கு மேலாக வானொலி திருத்துபவன். எனவே வானொலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அதை வெளிநாட்டில் வாங்கவே வேண்டாம்.

பெரிய மேசை வானொலி மரப்பெட்டி, இரும்பு ட்ரான்ஸ்போர்மர், கண்ணாடி முகப்பு என மூன்றும் சேர்ந்த பாரம். அனுப்புகூலி ஒருபுறம் இருக்கட்டும். நிலைய இலக்கங்கள் எழுதிய அந்தக் கண்ணாடி வழியில் உடைந்தால், அதே மாதிரியில் இன்னொரு வானொலியை வாங்கித்தான் கண்ணாடி எடுக்க வேண்டும். ரேடியோ சிலோன் 1949இல் அந்தப் பெயரைப் பெற்று 1967இல் கூட்டுத்தாபனமாக மாறும் வரையான காலத்தில் இந்தத் தீவில் நல்ல வானொலிகள் ஏராளமாக இறங்கின. பிலிப்ஸ், மர்பி, பை, கிருண்டிக், டெலிஃபுங்கன் எல்லாம் கொழும்பு வீடுகளில் இருந்தவைதான். சிற்றலை வரிசைகள் கூடுதலாக உள்ள ஏற்றுமதி மாதிரிகளும் இங்கே கிடைக்கின்றன. உள்ளூர் விளம்பரத் தளங்களிலும், வீடு மாறுபவர்கள் தளபாடங்களை ஏலம் போடும் இடங்களிலும் பொறுமையாகப் பாருங்கள். நேரில் போய், பின்பலகையைக் கழற்றச் சொல்லி, உள்ளே பார்த்து வாங்கலாம். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

நீங்கள் சொன்ன பச்சைக் கண்ணை நாங்கள் மெஜிக் ஐ என்போம். அது நிலையத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோமா என்று காட்டும் ஒரு தனி வால்வு. பாவிக்கப் பாவிக்க அதன் ஒளி மங்கும், மங்கியதை மீட்க முடியாது. பழைய வானொலி ஒன்றை விலை பேசும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கண் பிரகாசமாக இருந்தால், அந்தப் பெட்டி அதிகம் ஓடவில்லை, அல்லது யாரோ அக்கறையாகப் பார்த்திருக்கிறார்கள்.

வாங்கியவுடன் பிளக்கைச் சொருகிப் பார்க்கும் ஆவலை அடக்குங்கள். மின்னைத் தேக்கும் பழைய கடதாசிக் கண்டென்சர்கள் நமது ஈரக் காற்றில் பெரும்பாலும் பழுதாகி மின்னைக் கசியவிடும்; நேரடியாக 230 வோல்ட்டைக் கொடுத்தால் ட்ரான்ஸ்போர்மர் எரிந்துவிடக்கூடும், அது எரிந்தால் பெட்டி வெறும் அலங்காரம். நாங்கள் ஒரு சாதாரண இழை மின்குமிழைத் தொடரில் இணைத்துத்தான் முதலில் மின்சாரம் கொடுப்போம். குமிழ் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று. ட்ரான்ஸ்போர்மர் இல்லாத சிறிய ஏசி-டிசி வானொலிகள் இன்னொரு ஆபத்து: அவற்றின் உலோகச் சட்டம் மின்கம்பியோடு நேரடியாகத் தொடர்புபட்டிருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் திருகாணி கழன்றிருந்தால், அதைத் தொட்டாலே மின்சாரம் தாக்கப் போதும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றை வைக்கவேண்டாம்.

இசைத்தட்டுக் கருவி பற்றி யாராவது நினைத்தால் இதையும் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து எடுத்து, ட்ரான்ஸ்போர்மர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். ட்ரான்ஸ்போர்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை, மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பழைய ஏசி மோட்டர் இங்கே 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். பித்தளைப் புனலும் நாய்ப்படமும் உள்ள கிராமபோனை மலிவாகக் கண்டால் இன்னும் அவதானம் தேவை. அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் அலங்காரத்துக்காக அண்மையில் செய்யப்பட்டவை. உள்ளே உடைந்த பயணப்பெட்டிக் கிராமபோன் ஒன்றின் மோட்டரை வைத்து, வெளியே புதிய பெட்டியும் புதிய புனலும் பொருத்தியிருப்பார்கள்.

பதில் 3: தபாலட்டைக்காரி

உங்கள் சுவரொட்டியைப் பற்றி எழுத வேண்டும் என்பதற்காகவே வந்தேன். நீங்கள் "ஏ3" என்று அளவைச் சொன்ன கணத்திலேயே விடை கிடைத்துவிட்டது. பிரித்தானியா ஏ வரிசைத் தாள் அளவுகளை ஏற்றுக்கொண்டது 1959இல். பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை 1926 முதல் 1933 வரை வெளியிட்ட தேயிலைச் சுவரொட்டிகள் உட்பட, அக்காலத்துப் பிரித்தானியச் சுவரொட்டிகள் 20க்கு 30 அங்குலம் என்பது போன்ற அங்குலக் கணக்குகளில் அச்சிடப்பட்டவை. 1930களின் பிரித்தானியச் சுவரொட்டி சரியாக ஏ3இல் வருவதற்கு வழியே இல்லை. இரண்டாவது சோதனை பூதக்கண்ணாடி: அக்காலக் கல்லச்சில் நிறம் தட்டையாகவோ ஒழுங்கற்ற மணல் போலவோ தெரியும், புதிய பிரதியில் பெரும்பாலும் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். ஆனால் 1960களின் சுற்றுலாச் சுவரொட்டிகள் அசலாகவே புள்ளி அச்சில் வந்திருக்கலாம், எனவே அவற்றுக்குத் தாளின் பழுப்பையும் மடிப்பையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விற்பனையாளரிடம் முன்கூட்டியே ஒரு மூலையை மிக நெருக்கமாகவும் பின்புறத்தை முழுமையாகவும் படமெடுத்து அனுப்பக் கேளுங்கள். அனுப்ப மறுப்பவர் பதிலைச் சொல்லிவிட்டார்.

வர்ணனையில் "அசல்" என்ற சொல் இருந்திருந்தால், வர்ணனையோடு பொருந்தாத பொருள் என்று முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். பெரிய தளங்களில் இதற்குப் பெரும்பாலும் 30 நாள் அளவில் ஒரு கால எல்லை உண்டு, தாமதிக்க வேண்டாம். "பழைய பாணியில்" என்று எங்காவது ஒரு மூலையில் எழுதியிருந்தால் வாதாடிப் பயனில்லை.

இனி என் சொந்த வியாதிக்கு வருகிறேன். கொழும்புக்கு எடுப்பதில் கட்டுப்படியாகும் பொருள் என்றால் அது தட்டையான, இலேசான காகிதம்தான். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் தபாலட்டைகளை இங்கு வந்துபோன வெள்ளைக்காரர்கள் கட்டுக்கட்டாக ஊருக்கு அனுப்பினார்கள். அதனால் நமது கோட்டையையும் புறக்கோட்டையையும் பற்றிய படங்கள் இன்று இங்கிலாந்தின் பரண்களிலிருந்துதான் வெளிவருகின்றன. "சிலோன்" என்று தேடினால் உலகமே உங்களோடு போட்டியிடும். கொள்ளுப்பிட்டியை அக்காலத்தில் ஆங்கிலத்தில் கொல்பெட்டி என்று எழுதினார்கள். கொம்பனித்தெருவை அடிமைத்தீவு என்றார்கள். அந்தப் பழைய எழுத்துக்கோர்வைகளையும், பெயரைப் பிழையாக வாசித்த விற்பனையாளர் எப்படி எழுதியிருப்பார் என்பதையும் ஊகித்துத் தேடினால், ஒருவரும் பார்க்காத அட்டைகள் அகப்படும். தனி அட்டையைவிட, "பல நாட்டு அட்டைகள் 50" என்று கட்டாக விற்பதன் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்படியொரு கட்டின் மூலையில் கால்முகத்திடலின் ஒரு துண்டு தெரிந்ததை நம்பி வாங்கியதில், உள்ளே இலங்கை அட்டைகள் ஒன்பது இருந்தன. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காலத்தைக் கணிக்க அட்டையின் பின்புறமே போதும். முகவரிக்கும் செய்திக்குமாக நடுவில் கோடு போட்டுப் பிரித்த பின்புறம் பிரித்தானியாவில் 1902இல் அனுமதிக்கப்பட்டது. பின்புறம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே என்றிருந்தால் அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. மற்றப் பொருட்களுக்கும் இதுபோன்ற நாட்டுப் பெயர்கள் உதவும். சிலோன் என்று பொறித்திருந்தால் பொதுவாக 1972 மே 22க்கு முன். மேற்கு ஜேர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்று அடியில் எழுதிய பீங்கான் பொம்மை 1952க்குப் பிந்தியதல்ல. இந்தக் கடைசி முத்திரைக்குத் தனியாக அலையும் சேகரிப்பாளர்கள் இருப்பதால் போலியும் உண்டு.

பதில் 4: மேசைவிளக்கு

விளக்கும் தட்டச்சு இயந்திரமும் என் பகுதி, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மேசை விளக்கென்றால் எல்லோரும் ஆங்கிள்பொய்ஸ் 1227ஐத்தான் தேடுவார்கள். ஜோர்ஜ் கார்வர்டீன் என்ற பொறியியலாளரின் சுருள்வில் யோசனையை, சுருள்வில் செய்துவந்த ஹேர்பர்ட் டெரி நிறுவனம் 1935இல் இந்த மாதிரியாகச் சந்தைக்கு விட்டது. இதன் அடிப்பாகம் வேண்டுமென்றே பாரமாகச் செய்யப்பட்டது, ஆகவே அனுப்புகூலி கொல்லும். பழைய தோட்டத்துரை பங்களாக்களின் தளபாடங்கள் விற்பனைக்கு வரும்போது இங்கேயே கண்டிருக்கிறேன், கரும்பச்சை பெயின்ற் அப்பிக் கிடக்கும். எங்கே வாங்கினாலும் வயரை மாற்றுங்கள். சிவப்பு, கறுப்பு, பச்சை நிற வயர்கள் இருந்தால் அவை 1970க்கு முந்திய பிரித்தானிய வழக்கம். அந்த இறப்பர் உறை விரலால் தொட்டாலே உதிரும், விளக்கின் உடலோ முழு உலோகம்.

தட்டச்சு இயந்திரத்தில் ஒலிவெட்டி லெட்டெரா 22ஐப் பரிந்துரைக்கிறேன். மார்செல்லோ நிட்சோலி 1950இல் வடிவமைத்தது, 1954இல் இத்தாலியின் கொம்பாசோ டி'ஓரோ விருது பெற்றது, நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. பெருந்தொகையாகச் செய்யப்பட்டதால் இன்னும் எட்டிப் பிடிக்கும் விலை. ஏறத்தாழ நான்கு கிலோதான். இதில் பலர் விழும் குழி ஒன்று: ஜேர்மனியிலிருந்து மலிவாக வருவதில் ஆங்கில எழுத்துகளான வையும் செட்டும் இடம் மாறியிருக்கும், பிரெஞ்சு இயந்திரத்தில் மேல்வரிசையே வேறு. விசைப்பலகையின் படத்தை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வேண்டுமென்றால் வெளிநாட்டு ஏலத்தைவிட இங்குள்ள பழைய அலுவலகங்களும் தட்டச்சு வகுப்புகளும்தான் வழி. அதை முதலில் உருவாக்கியவராக நாம் போற்றும் இரா. முத்தையா யாழ்ப்பாணத்தவர் என்பது இங்கு பலருக்குத் தெரிந்திருக்கும்.

பம்பலப்பிட்டி அண்ணாவோடு ஒரு விடயத்தில் உடன்படவில்லை. விற்று முடிந்த விலைகள் ஒரு பொருளின் நிலையைச் சொல்வதில்லை. "ஓடுகிறதா என்று சோதிக்கவில்லை" என்று ஒருவர் எழுதினால், சோதித்தார், ஓடவில்லை என்றே நான் வாசிப்பேன். கறுப்பு முகத்தில் பச்சையாக ஒளிரும் எண்கள் கொண்ட பழைய பயண மணிக்கூடுகளையும் தவிர்த்துவிடுங்கள். அது ரேடியமாக இருந்தால் ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 வருடங்கள். யானைத்தந்தப் பிடி வைத்த கத்தி, தேநீர்ப் பாத்திரம் எதையும் தொடாதீர்கள், சுங்கத்தில் கதை வேறு மாதிரிப் போகும்.

வெள்ளவத்தை வாசகன்

அனைவருக்கும் மிக்க நன்றி. சுவரொட்டியின் விளம்பரத்தை மீண்டும் வாசித்தேன். "அசல்" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது, பொதி கிடைத்து இன்று பத்தொன்பதாம் நாள். முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். வானொலியையும் விளக்கையும் இங்கேயே தேடுவது என்று முடிவு செய்து, வரவுசெலவில் பெரும்பகுதியை அவற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து லெட்டெரா ஒன்றும் சில தபாலட்டைகளும் மட்டும். சுவரொட்டிக்குப் பதிலாக ஆறு அட்டைகளை ஒரே சட்டத்தில் மாட்டலாம் என்பது மனைவியின் யோசனை. எங்கள் அறையின் யன்னல் கடலைப் பார்த்தது. காகிதத்துக்கு அது தீங்காகுமா என்பதை மட்டும் தபாலட்டைக்காரி அக்கா சொன்னால் போதும்.

தபாலட்டைக்காரி

தீங்குதான். யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், மாலை வெயில் நேரே விழும், பக்கச்சுவரே நல்லது. அட்டை கண்ணாடியை நேரடியாகத் தொடக்கூடாது, இடையில் அமிலமற்ற அட்டைச் சட்டம் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிடும். பசையோ செலோடேப்போ வேண்டாம். நான்கு மூலைகளிலும் காகித மூலைப்பிடிகள் போதும். சட்டத்தின் பின்புறம் சுவரில் படாதபடி இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால் காற்று போய்வரும், பூஞ்சணமும் வெள்ளிப்பூச்சியும் குறையும். கடற்கரைப் பக்கம் என்பதால் ஒக்டோபர் மழை தொடங்கும் முன் ஒருமுறை கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள்.